கதை சொல்லி நல்லது கெட்டது பழக்குவது எப்படி? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்ததும் பெரியவர்கள் எல்லாரும் ஒரு வரி சேர்ப்போம்: "அதனால, யார் புகழ்ந்தாலும் மயங்கக் கூடாது." ஒரு தடவை அந்த வரியை விழுங்கிவிட்டு, "இதுல யார் மேல தப்பு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் கூடும் பிள்ளைகளிடம் நான் கேட்டேன். நரிதான் என்று பாதிப் பேர் கத்தினார்கள். "காக்காவும் திருடித்தானே எடுத்துச்சு, அதுக்குப் போனா என்ன?" என்றாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டிக்கு வடைக்காசு யாரு குடுப்பா?" என்றான். அவனுடைய அம்மா கூடையில் மீன் எடுத்துப்போய் விற்பவர்.

கதையில் நஷ்டப்பட்டவள் பாட்டி ஒருத்திதான். எத்தனை தலைமுறையாகச் சொல்கிறோம், அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாம் வழக்கமாகச் சேர்க்கும் அந்த நீதி வரியைச் சொல்லியிருந்தால் பையனுடைய கேள்வி வந்திருக்காது. கதை முடிந்த இடத்தில் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். 3 வயதிலிருந்து 11, 12 வயது வரை இது பொருந்தும்.

முதல் படி: கதை எதற்குப் பரிசு கொடுக்கிறது என்று பாருங்கள்

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது "இதுல என்ன நீதி?" என்று தேடுவதுதான் வழக்கம். அதைவிட "இந்தக் கதையில் யாருக்கு நல்லது நடக்கிறது, ஏன் நடக்கிறது?" என்று பார்ப்பது பயன் தரும். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீயும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டுகிறது. 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, அதன் சத்தத்தைக் கேட்டு என்ன பொம்மை என்று சொல்ல வேண்டும். நடுவில் பெரியவர், "நான் வெளியே போய்விட்டு வருகிறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். குழந்தைகள் பெரும்பாலும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், அது எதிர்பார்த்ததுதான். திரும்பி வந்தவர் ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு, "பார்த்தாயா?" என்று கேட்பார்.

சில குழந்தைகளுக்கு, பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதை. சிலருக்கு, "புலி வருது புலி வருது" என்று ஏமாற்றிய பையனின் கதை (அங்கே ஓநாய்). இன்னும் சிலருக்கு, செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதை. மூக்கு நீண்டதும் ஓநாய் வந்ததும் குழந்தைகளை உண்மை பேச வைக்கவில்லை. வாஷிங்டன் கதை கேட்டவர்களில்தான் உண்மையை ஒப்புக்கொண்டவர்கள் கூடினார்கள். அதே வாஷிங்டன் கதையை, பொய் சொல்லி மாட்டிக்கொள்வதாக மாற்றிப் படித்தபோது அந்தப் பலனும் போய்விட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் செர்ரி மரக் கதையே கட்டுக்கதை. வாஷிங்டன் இறந்த பிறகு அவருடைய வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துவிட்டது. உண்மை பேசு என்று சொல்லும் கதையே உண்மையில்லை!

நமக்கு இதில் வேலைக்கு ஆகும் விஷயம் இதுதான்: "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" வகைக் கதைகளைக் குறைத்துக்கொண்டு, நல்லது செய்தவனுக்கு நல்லது நடக்கும் கதைகளை நிறையச் சொல்லுங்கள். ஆற்றில் கோடரியைத் தொலைத்த விறகுவெட்டியிடம் தேவதை தங்கக் கோடரியைக் காட்டுகிறாள், "இது என்னுது இல்லை" என்கிறான். கடைசியில் மூன்றும் அவனுக்கே. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கதை குறைவு. கெடிலம் ஆற்றில் நடப்பதாகவே சொல்லலாம். மீனவப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கோடரியை வலையாக மாற்றினேன். "தங்க வலையை வச்சு எப்படி மீன் பிடிக்கிறது? கனம் தாங்காம படகே முழுகிடுமே" என்று கேட்டுவிட்டார்கள். அதனால்தான் கதையில் அவன் வேண்டாம் என்றான் என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. அப்புறம் கோடரிக்கே திரும்பிவிட்டேன்.

இரண்டாம் படி: வயதைப் பார்த்துச் சொல்லுங்கள்

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், அவன் கதவைத் தள்ளுகிறான், கதவுக்குப் பின்னால் தட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரம் பார்த்து ஜாமை எடுக்க நாற்காலியில் ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் 15 உடைத்தவன் என்றார்கள். 7, 8 வயது தாண்டியவர்கள்தான் எந்த எண்ணத்தில் செய்தான் என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஜாமுக்குப் பதில் முறுக்கு டப்பாவையும், கோப்பைக்குப் பதில் கண்ணாடி டம்ளரையும் வைத்து உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். பதிலைப் பார்த்தால் எந்தக் கதைக்குப் பிள்ளை தயார் என்று தெரிந்துவிடும். 15 என்று சொல்லும் பிள்ளைக்கு, செய்ததும் விளைந்ததும் கண்ணுக்கு முன்னால் தெரியும் கதைகள் போதும். உதவி செய்தான், உதவி கிடைத்தது. வலையில் மாட்டிய சிங்கத்தை எலி விடுவித்த கதை போன்றவை. எண்ணத்தைப் பார்க்கும் வயது வந்ததும் கீரிப்பிள்ளை கதையைச் சொல்லலாம். தொட்டிலில் இருந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிவிட்டு வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவரும் கீரியை, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று நினைத்துத் தாயே அடித்துக் கொல்லும் கதை. இதை 5 வயதுக்காரரிடம் சொன்னால் அழுகை மட்டும்தான் மிஞ்சும்.

மூன்றாம் படி: கதையை மாற்றத் தயங்காதீர்கள்

"மூலக்கதையில் இப்படி இல்லையே" என்று தயங்குகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சிண்ட்ரெல்லா கதையை பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ 1697இல் அச்சேற்றினார். அதில் அவள் கொடுமை செய்த சகோதரிகளை மன்னித்து, அரண்மனையில் இடம் கொடுத்து, நல்ல இடத்தில் கல்யாணமும் செய்து வைக்கிறாள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலோ, கல்யாணத்தன்று புறாக்கள் வந்து அந்தச் சகோதரிகளின் கண்களைக் கொத்திவிடுகின்றன. கதை ஒன்று, நீதி இரண்டு. சிவப்புத் தொப்பிச் சிறுமியும் அப்படித்தான். பெரோ கதையில் ஓநாய் அவளை விழுங்குவதோடு சரி. கிரிம் கதையில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து வெளியே எடுக்கிறான்.

கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளைச் சும்மா விடவில்லை. முதல் பாகம் வந்தது 1812இல். 1857 வரை ஏழு பதிப்புகள், ஒவ்வொன்றிலும் திருத்தம். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பது சொந்த அம்மா. பிறகுதான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள்.

நம் பக்கமும் கதைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் 1678இல் வெளியிட்ட தன் கதைப்பாட்டுகளில் பலவற்றுக்கு இந்திய ஞானி பில்பேக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதினார். பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு வழியாக அந்தப் பெயரில்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய துபுவா பாதிரியார் தென்னிந்தியாவில் 30 வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, 1826இல் பஞ்சதந்திரத்தையும் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் பிரெஞ்சில் வெளியிட்டார். அதே 1826இல் தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரமும் அச்சானது, மராத்தியிலிருந்து. ஒவ்வொரு கையிலும் கதை கொஞ்சம் மாறித்தான் வந்திருக்கிறது. உங்கள் கையிலும் மாறலாம்.

எதை மாற்றுவது? கறுப்பாக இருப்பவள் கெட்டவள், சிவப்பாக இருப்பவள் இளவரசி என்பதை முதலில் தூக்கி எறியுங்கள். "ஒரு ஊர்ல ஒரு ஏழை பிராமணன்" என்று தொடங்கும் கதைகளில் சாதியைச் சொல்லத் தேவையே இல்லை, "ஒரு ஏழை" போதும். கொடுமைக்கார மாற்றாந்தாயைப் பக்கத்து வீட்டுக்காரியாகவோ அரக்கியாகவோ ஆக்கிவிடுங்கள். அப்பாவின் இரண்டாம் மனைவி வளர்க்கும் பிள்ளை உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். தூங்கும் இளவரசிகள் மட்டும் போதாது, எழுந்து வேலை பார்க்கும் இளவரசியும் வரட்டும்.

எதை மாற்றக் கூடாது? செய்ததற்கு ஒரு விளைவு இருக்கிறது என்பதை. சிலர் இரக்கப்பட்டு எல்லாக் கெட்டவர்களையும் கடைசி நிமிஷத்தில் திருந்த வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை, "அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று விடாமல் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான்.

நான்காம் படி: விலங்குக் கதை என்றால் ஒரு பாலம் போடுங்கள்

விலங்குகள் பேசினால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் என்று நினைக்கிறோம். டொராண்டோவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு விதமாகப் படித்தார்கள்: மனிதப் பிள்ளைகள் வரும் படப்புத்தகம், சட்டை போட்ட விலங்குகள் வரும் படப்புத்தகம். அப்புறம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, எத்தனையை மற்ற குழந்தைக்கு விட்டுத்தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதர்கள் வந்த புத்தகத்தைக் கேட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். விலங்குப் புத்தகத்தைக் கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

அதற்காகப் பஞ்சதந்திரத்தைப் பரணில் போட வேண்டாம். சிங்கத்தையும் முயலையும் சொல்லிவிட்டு, "நம்ம தெருவுல இப்படி ஒருத்தர் எல்லாரையும் மிரட்டினா என்ன பண்ணலாம்?" என்று மனிதர்களிடம் கதையைக் கூட்டிவாருங்கள். அந்தப் பாலத்தைச் சின்னப் பிள்ளை தானாகப் போட்டுக்கொள்ளாது.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். பஞ்சதந்திரம் மூன்று ராஜகுமாரர்களை ஆறு மாதத்தில் ஆளத் தெரிந்தவர்களாக்க விஷ்ணுசர்மா சொன்னதாக வரும் நூல். நண்பர்களைப் பிரிப்பதே அதில் முதல் தந்திரம்! பிழைக்கும் சூட்சுமம் அதில் நிறைய இருக்கிறது, நல்லொழுக்கம் எல்லாக் கதையிலும் இல்லை. முதலையிடம் "இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன்" என்று குரங்கு சொன்னது பொய்தானே என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். "ஆமா பொய்தான். உயிர் போற நேரத்துல சொன்னது. நீயா இருந்தா?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சொல்லும் விதம்

படித்துக் காட்டுவதும் நல்லதே, ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்வதற்கு ஈடில்லை. கி. ராஜநாராயணன் கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில்தான் கழித்தார். 2021 மே மாதம் காலமானதும் அங்கேதான். நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகச் சேகரித்த அவர், சனங்கள் பேசுகிற பேச்சிலேயே அவற்றை எழுதினார். நீங்களும் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள்.

சாப்பாடு முடிந்து விளக்கை அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் போதும். 'ம்' கொட்டும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்: நீங்கள் ஒரு வரி சொன்னால் பிள்ளை "ம்" சொல்ல வேண்டும். 'ம்' நின்றால் தூங்கிவிட்டது, அல்லது எதையோ யோசிக்கிறது. இரண்டாவது என்றால் நீங்களும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

இடத்தைப் பக்கத்தில் வையுங்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமி பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டு வழியாகப் பாட்டி வீட்டுக்குப் பலாச்சுளை எடுத்துக்கொண்டு போகட்டும். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் அரக்கன் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் ஒளிந்திருக்கட்டும். படகில் போய் அந்த வேர்களைப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் வேறு எந்த வர்ணனையும் செய்ய வேண்டாம்.

ஆறாம் படி: தீர்ப்புக்கு முன்னால் நிறுத்துங்கள்

எல்லாப் படிகளிலும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இதற்கான வழி நம் கதைகளிலேயே இருக்கிறது. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குக் கதை சொல்லிவிட்டு நீதி சொல்வதில்லை, கேள்விதான் கேட்கும்; பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டல் வேறு. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

மரியாதை ராமன் கதைகள் இன்னும் வசதி. நான்கு பேர் ஒரு பாட்டியிடம் பணப்பானையைக் கொடுத்து, "நாங்க நாலு பேரும் சேர்ந்து வந்து கேட்டாத்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த நாள் மோர் வாங்கத் தூரத்திலிருந்து ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் பாட்டியிடம் வந்து பணப்பானையைக் கேட்கிறான். பாட்டி சந்தேகப்பட்டு, "குடுக்கட்டுமா?" என்று கத்த, மற்ற மூவரும் மோர்ப்பானை என்று நினைத்து "குடு, குடு" என்கிறார்கள். அவன் பானையோடு ஓடிவிடுகிறான். மூவரும் பாட்டிமேல் வழக்குப் போடுகிறார்கள். இங்கே நிறுத்துங்கள். "நீதான் நீதிபதி. என்ன தீர்ப்பு?"

பாட்டி பாதிப் பணம் தரணும், போலீஸில் சொல்லணும், மூணு பேருக்கும் அபராதம் என்று ஆளுக்கொன்று வரும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிறகு மரியாதை ராமன் தீர்ப்பைச் சொல்லுங்கள்: பாட்டி பணம் தரத்தான் வேண்டும், ஆனால் பேசியபடி நால்வரும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும்; நாலாவது ஆளைக் கூட்டிவாருங்கள். முதல் தடவை கேட்கும் பிள்ளைகள் கைதட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கேட்கும் கேள்வியில் பதிலை ஒளித்து வைக்காதீர்கள். "பொய் சொல்றது தப்புதானே?" என்பது கேள்வி இல்லை. "ஏன் அப்படிச் செஞ்சிருப்பான்?", "யாருக்கு ரொம்பக் கஷ்டம்?", "அவனுக்கு வேற வழி இருந்துச்சா?" இப்படி ஒன்று போதும். ஒரு கதைக்கு ஒரு கேள்வி. அடுக்கிக்கொண்டே போனால் பரீட்சை ஆகிவிடும், அடுத்த நாள் கதைக்கே வர மாட்டார்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முகம் சுளிக்காதீர்கள்.

ஏழாம் படி: கதையைப் பிரம்பு ஆக்காதீர்கள்

காலையில் தம்பியை அடித்தவனுக்கு ராத்திரி அதே மாதிரிக் கதை சொன்னால், தன்னைத்தான் குத்துகிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். நாலு நாள் தள்ளிப் போடுங்கள். "நீயும் அந்த நரி மாதிரிதான்" என்பதும் வேண்டவே வேண்டாம். நல்லதைக் காணும்போது மட்டும் கதையை இழுக்கலாம்: "விறகுவெட்டி மாதிரி கடைக்காரர் கூடக் குடுத்த சில்லறையத் திருப்பிக் குடுத்துட்டியே!"

எட்டாம் படி: பயம்

அரக்கன் இருக்கலாம், சூனியக்காரி இருக்கலாம். கதைக்குள் பயந்து, கதைக்குள்ளேயே அந்தப் பயம் தீர்வது பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது. சோறு ஊட்டுவதற்காகப் பூச்சாண்டியைக் கூப்பிடுவது இந்தக் கணக்கில் வராது. அந்தப் பூச்சாண்டியை யாரும் தோற்கடிப்பதில்லை, ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறான்.

நம் கடற்கரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கடல் பொங்கி ஊரை விழுங்கும் கதைகளைக் குப்பத்துப் பிள்ளைகளிடம் யோசித்துச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று பறிகொடுத்தவர்களின் படம் மாலை போட்டுத் தொங்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. நல்லதங்காள் கதையும் சின்ன வயதில் வேண்டாம். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்தவள் அண்ணியின் கொடுமை தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுவதை, அம்மா மடியில் படுத்துக்கொண்டு கேட்கும் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்ளும்?

ஒன்பதாம் படி: புத்தகமும் போனும்

மாவட்ட மைய நூலகத்திலோ, புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ பிள்ளையின் பெயரில் ஒரு உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். போனில் ஓடும் கார்ட்டூன் கதைகளைத் தடுக்க முடியாது. பாதியில் நிறுத்தி ஆறாம் படியின் கேள்வியைக் கேட்க முடியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

3, 4 வயது என்றால் சிங்கமும் எலியும், வடை சுட்ட பாட்டி. 5, 6 வயதுக்கு விறகுவெட்டி, பெரோ சொன்ன மாதிரி மன்னிக்கும் சிண்ட்ரெல்லா. 7, 8க்கு மரியாதை ராமன், தெனாலிராமன், கீரிப்பிள்ளை. கேட்ட கதையையே திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் பக்கம் நின்று கேட்கிறார்கள். கதையைத் தாங்களே சொல்லி முடிவை மாற்றினால் குறுக்கே போகாதீர்கள்.

9 வயதுக்கு மேல் அரிச்சந்திரன். சிறு வயதில் அந்த நாடகத்தைப் பார்த்த காந்தி, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யாரும் அவருக்கு நீதி எடுத்துச் சொல்லவில்லை, அவராகக் கேட்டுக்கொண்டது. நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் அரிச்சந்திரன் கூத்து நடக்கிறது. எங்காவது நோட்டீஸ் பார்த்தால் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். மயான காண்டம் நள்ளிரவு தாண்டித்தான் வரும் என்பதால் மத்தியானமே ஒரு தூக்கம் போட வையுங்கள், உட்கார ஒரு பாயும் போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.